பக் 110: பெரிய மடக்குக்கத்தியும் அதன் முதுகுப் பூட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் பக் 110 வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பார்க்கும் நண்பர்கள் முதலில் கையில் தூக்கி எடை பார்ப்பார்கள், பிறகு திறந்து மூடிப் பார்ப்பார்கள், அதன் பிறகு கேள்விகள் வரும். ஏறக்குறைய எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "இந்தப் பூட்டை நம்பலாமா?" அவர்களுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும், இந்தக் கத்தியை நெடுங்காலம் வைத்திருப்பவர்கள் சொல்லக் கேட்டதையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பக் 110 என்றால் என்ன? இதற்கு ஏன் இத்தனை பேச்சு?

அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த மடக்குக்கத்தி இது. நிறுவனத்தின் கதை கான்சாஸ் மாநிலத்தில் தொடங்குகிறது. ஹாய்ட் பக் என்ற இளைஞர் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே, தேய்ந்துபோன அரங்களைக் கத்தியாக மாற்ற ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவரும் மகன் ஆல் பக்கும் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் சின்னப் பட்டறை ஒன்றை நடத்தினார்கள். 110 என்ற இந்தக் கத்தி ஆல் பக்கின் காலத்தில் பிறந்தது.

அப்போது அமெரிக்க வேட்டைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருந்தன. மான் உரிக்க வேண்டுமானால் உறையில் செருகிய மடங்காத கத்தியை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். உட்காரும்போதும் வண்டியில் ஏறும்போதும் அது இடிக்கும். பையில் போடும் சின்னக் கத்தியோ பூட்டு இல்லாதது, கொஞ்சம் அழுத்தினால் விரல்மேல் மடங்கிவிடும். 110 இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றது: 9.5 செ.மீ. நீள அலகு, மடித்தால் 12.4 செ.மீ., திறந்தால் பூட்டிக்கொண்டு நிற்கும். பிறகு வேட்டைக்குப் போகாதவர்களும் இடுப்பில் கட்ட ஆரம்பித்தார்கள். லாரி ஓட்டுபவர், தச்சர், பண்ணைக்காரர் என்று எல்லார் தோலுறையிலும் இது ஏறியது. அமெரிக்காவில் பலர் பெரிய மடக்குக்கத்தி எதைப் பார்த்தாலும் "பக் கத்தி" என்றே சொல்லிவிடுவார்கள்.

முதுகுப் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

கைப்பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டை நீளவாக்கில் ஓடுகிறது. ஏற்றப் பலகை போல அதன் நடுவில் ஓர் அச்சாணி. முன் நுனியில் கீழ்நோக்கிய ஒரு கொக்கி. பின் நுனிக்கு அடியில் ஒரு தகட்டு ஸ்பிரிங் இருந்து, அதை எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் மேலே போனால் முன்பக்கம் கீழே இறங்கியாக வேண்டும் அல்லவா? அந்த விசைதான் பூட்டு.

அலகின் அடிப்பகுதியில், அச்சாணியைச் சுற்றிய இடத்தில், ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டியிருக்கும். அலகைத் திறக்கும்போது கொக்கி அதன் வளைவின்மேல் சறுக்கிக்கொண்டே வரும். முழுக்கத் திறந்ததும் காடி கொக்கிக்கு நேராக வரும், கொக்கி டக்கென்று விழும். இனி அலகின் முதுகுப் பக்கம் அழுத்தினால் காடியின் சுவர் கொக்கியை இழுக்கும், கொக்கி பட்டையை இழுக்கும், பட்டை தன் அச்சாணியை இழுக்கும். விசை போய்ச் சேரும் இடம் அந்த அச்சாணி.

மூட வேண்டுமானால் கைப்பிடியின் கடைசியில், அங்கே இருக்கும் பித்தளை முனைக்குப் பக்கத்தில், பட்டையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அலகு விடுபடும்.

இந்த அமைப்பைப் பக் நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை. ஐரோப்பியக் கத்திகளில் இது முன்பே இருந்தது. கனமான கத்தி ஒன்றில் இதைச் சீராகப் பொருத்தியதுதான் அவர்கள் செய்த வேலை. எனக்கு இந்தப் பூட்டில் பிடித்தது, எல்லாம் கண்ணுக்குத் தெரிவது. கொக்கி காடியில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று முதுகைப் பார்த்தாலே தெரியும்: பட்டையும் அலகின் முதுகும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

திறக்கும்போது வரும் அந்தச் சத்தத்தைப் பற்றி ஏன் எல்லாரும் பேசுகிறார்கள்?

கத்திப் பிரியர்கள் ஒரு மடக்குக்கத்தியின் "நடையையும் பேச்சையும்" கேட்பார்கள். அலகு ஸ்பிரிங்கின்மேல் ஊர்வது நடை. பூட்டு விழும் சத்தம் பேச்சு. 110-இன் பேச்சு கனமானது. பித்தளை உடலுக்குள் எஃகு விழுகிற சத்தம், நல்ல மரப்பெட்டியின் தாழ்ப்பாள் விழுவது போல இருக்கும்.

இதில் அழகு மட்டும் இல்லை, பயனும் இருக்கிறது. இருட்டில், கை ஈரமாக இருக்கும்போது, கண்ணை வேறு வேலையில் வைத்திருக்கும்போது, பூட்டு விழுந்ததைக் காது சொல்லிவிடுகிறது. சத்தம் மந்தமாக வந்தால் காடியில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். என் கத்தி மூன்று முறை அப்படி எச்சரித்திருக்கிறது. மூன்று முறையும் உள்ளே பஞ்சுத்தூசி இருந்தது.

சரி, இந்தப் பூட்டை எவ்வளவு நம்பலாம்?

வெட்டும் வேலைக்கு முழுக்க நம்பலாம். வெட்டும்போது விசை கூரிலிருந்து முதுகை நோக்கிப் போகிறது. அது அலகை மேலும் திறக்கும் திசை, மூடும் திசை இல்லை. அப்போது பூட்டுக்கு அநேகமாக வேலையே இல்லை. கயிறு அறுப்பது, அட்டைப்பெட்டி பிரிப்பது, பழம் நறுக்குவது, குச்சி சீவுவது, தோல் உரிப்பது எல்லாம் இந்த வகை.

பூட்டுக்கு வேலை வருவது மூன்று இடங்களில். முனையால் குத்தித் துளைக்கும்போது. கெட்டியான ஒன்றில் அலகு சிக்கி, அதை ஆட்டி உருவும்போது. கை தவறி முதுகு எதிலாவது மோதும்போது. இந்த மூன்றிலும் அலகு மூடும் திசையில் தள்ளப்படுகிறது, மூடினால் அது விழும் இடத்தில் நம் விரல்கள் இருக்கின்றன.

எனக்கு ஒரு வடு உண்டு, வலது ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில். அது 110-ஆல் வந்தது இல்லை, அதற்கு முன் வைத்திருந்த வேறொரு மடக்குக்கத்தியால் வந்தது. தோட்டத்தில் பிளாஸ்டிக் குழாயில் துளை போடப் போனேன். காலையிலிருந்து மண்ணில் கிடந்த கத்தி. காடிக்குள் மண் இறுகி, கொக்கி பாதிதான் இறங்கியிருந்தது. நான் பார்க்கவில்லை. முனையை அழுத்தித் திருகியதும் மடங்கிவிட்டது. நான்கு தையல்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எந்தப் பூட்டாக இருந்தாலும், பூட்டே இல்லாத கத்தியைப் பிடிப்பது போலத்தான் பிடிப்பேன். துளை போட வேண்டுமென்றால் துளையூசி எடுப்பேன், நெம்ப வேண்டுமென்றால் கம்பி எடுப்பேன். கை தவறும் ஒரு நொடிக்காகப் பூட்டு இருக்கிறது. அந்த ஒரு நொடியில் 110-இன் பூட்டு வேலை செய்யும் என்று நம்புகிறேன். நாள் முழுக்க அதன் தலையில் பாரத்தை ஏற்றி வைக்க மாட்டேன்.

கத்தியின் முதுகை மேசையில் ஓங்கி அடித்து பூட்டைச் சோதிக்கிறார்களே, நானும் செய்யலாமா?

வேண்டாம். கத்திப் பிரியர்களுக்குள் இதைப் பற்றி ஓயாத வாக்குவாதம் உண்டு. அடித்துத் தாங்கினால் நல்ல பூட்டு என்று ஒரு சாரார் சொல்வார்கள். நான் மறுசாரார் பக்கம். ஓங்கி அடிக்கும்போது வருவது அதிர்ச்சி விசை. அந்த அதிர்வில் கொக்கியே ஒரு கணம் துள்ளி எழலாம். நல்ல பூட்டும் அப்படித் துள்ளித் தோற்கும், மோசமான பூட்டும் தற்செயலாகத் தாங்கிவிடும். ஒவ்வொரு அடியும் காடியின் ஓரத்தைக் கொஞ்சம் நசுக்கும். புதுக் கத்தியை அடித்து அடித்துப் பழசாக்கிவிட்டு, ஆட்டம் காண்கிறதென்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

சோதிக்க வேண்டுமானால் கெட்டியான தோல் கையுறை போட்டுக்கொண்டு, விரல்களை அலகு விழும் பாதையிலிருந்து விலக்கி, முதுகைக் கையால் நிதானமாக அழுத்திப் பாருங்கள். விசையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இதில் வழுக்கினால் அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள்.

என் கத்தியில் அலகு மேலும் கீழும் லேசாக ஆடுகிறது. பழுதா?

மயிரிழை அளவு மேல்கீழ் ஆட்டம் முதுகுப் பூட்டின் பிறவிக்குணம். கொக்கி காடிக்குள் இறங்க வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி வேண்டும். தேயத் தேய அந்த இடைவெளி வளரும். புதுசிலேயே கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், அல்லது பட்டை முதுகு மட்டத்துக்கு வராமல் துருத்திக்கொண்டு நின்றால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஆடினால் அது வேறு விஷயம், அலகின் அச்சாணி தளர்ந்திருக்கிறது. வழக்கமான 110-இல் அந்த அச்சாணி திருகு இல்லை, அடித்து இறுக்கிய ரிவெட். வீட்டில் சுத்தியலால் தட்டிச் சரிசெய்யப் போனால் அலகு திறக்கவே திணறும். நிறுவனம் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது, அவர்களிடமே அனுப்புவது நல்லது.

மற்ற பூட்டுகளோடு ஒப்பிட்டால் எப்படி?

மூன்று கத்திகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது பிரான்சின் ஒப்பினெல் 12-ஆம் எண். அலகு 12 செ.மீ. 1890-இல் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய கத்தி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பூட்டே இல்லாமல் விற்றது. 1955-இல்தான் கழுத்தில் திருகும் வளையம் வந்தது. வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் பிளவு அடைபட்டுவிடும். இதைவிட எளிய பூட்டைக் கற்பனை செய்வது கடினம். ஸ்பிரிங் கிடையாது, கொக்கி கிடையாது. ஒரே குறை, அது தானாக விழாது. நாம் மறந்தால் பூட்டும் இல்லை. பீச் மரக் கைப்பிடி ஈரத்தில் உப்பிக்கொண்டு அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். சவாய்க்காரர்கள் கைப்பிடியின் அடியை எதிலாவது தட்டி அலகை வெளியே வரவைப்பார்கள்.

இரண்டாவது கோல்டு ஸ்டீல் நிறுவனத்தின் பெரிய வாயேஜர். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்த "டிரை-ஆட்" பூட்டு இதில் இருக்கிறது. பார்க்க முதுகுப் பூட்டுத்தான், ஆனால் உள்ளே ஒரு பெரிய திருத்தம். அலகுக்கும் கொக்கிக்கும் நடுவில் தடித்த தடுப்பு ஊசி ஒன்றை வைத்திருக்கிறார். விசை பட்டையின் அச்சாணிக்குப் போகாமல் அந்த ஊசி வழியாகக் கைப்பிடியின் இரு பக்கத்துக்கும் பிரிந்துவிடுகிறது. பட்டையின் அச்சாணித் துளையை நீள்வட்டமாக வைத்திருப்பதால், தேயத் தேயக் கொக்கி தானே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆட்டம் வருவதில்லை. பலத்தை மட்டும் கேட்டால் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. ஆனால் பூட்டை விடுவிக்கக் கட்டைவிரல் படாதபாடு படும். புதுசில் இரண்டு வாரம் விரல் நுனி சிவந்தே இருந்தது.

மூன்றாவது 110. பலத்தில் டிரை-ஆட்டுக்குக் கீழே, எளிமையில் ஒப்பினெலுக்குக் கீழே. ஆனாலும் நான் முதலில் கை நீட்டுவது இதை நோக்கித்தான். திறந்ததும் தானே பூட்டிக்கொள்கிறது, மூட நினைத்ததும் சண்டை போடாமல் விடுகிறது.

இவை தவிர லைனர் லாக், பிரேம் லாக் என்ற இரண்டு வகைகள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. கைப்பிடிக்குள் இருக்கும் தகடு, அல்லது கைப்பிடியின் ஒரு பக்கமே, உள்நோக்கி வளைந்து அலகின் அடியைத் தாங்கும். இன்றைய லைனர் லாக்கை மைக்கேல் வாக்கரும், பிரேம் லாக்கைச் செபென்சா கத்தியின் மூலம் கிறிஸ் ரீவும் நிலைநிறுத்தினார்கள். ஒரு கையால் மூட வசதி. ஆனால் மூடும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே நிற்க வேண்டும். முதுகுப் பூட்டில் விரல் கைப்பிடியின் முதுகில் இருக்கிறது, கூருக்கு எதிர்ப்பக்கம்.

இறுக்கிப் பிடித்தால் பூட்டு தானாக விடுபட்டுவிடுமா?

பட்டையின் அழுத்துமிடம் உள்ளங்கைக்குள் வரும் கத்திகளில் அந்தப் பயம் உண்டு. அதற்காகவே டேவிட் பாய் என்ற கத்திக் கலைஞர் பட்டையில் ஒரு குழிவு வெட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். கை இறுகினாலும் குழிவுக்குள் அழுத்தம் போகாது. 110-இல் அழுத்துமிடம் கைப்பிடியின் கடைக்கோடியில் இருப்பதால், வழக்கமான பிடியில் எனக்கு ஒருமுறைகூட விடுபட்டதில்லை. கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால் கட்டைவிரல் நேராக அங்கே போய் உட்காரும். அப்படிப் பிடிக்காதீர்கள்.

இடது கைக்காரர்களுக்கு?

முதுகுப் பூட்டு நடுவில் இருக்கிறது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். என் மைத்துனர் இடது கைக்காரர், லைனர் லாக் கத்திகளில் திணறியவர், இதில் திணறவில்லை.

204 கிராம் எடையா? பையில் போட முடியுமா?

போடலாம், ஆனால் கால்சட்டைப் பை தொங்கிவிடும். பெரிய கைப்பேசி ஒன்றின் எடையை விரல் நீளத்துக்குச் சுருக்கியது போல இருக்கும். இது இடுப்புவாரில் தோலுறைக்குள் தொங்கப் பிறந்த கத்தி. பைக்குத்தான் வேண்டும் என்றால் நைலான் கைப்பிடியோடு பாதிக்கும் குறைந்த எடையில் வரும் வகைகளைப் பாருங்கள். அவற்றிலும் அதே பூட்டு உண்டு. ஆனால் சத்தம் வேறு. பித்தளை போனால் அந்தப் பேச்சும் போய்விடுகிறது.

ஒரு கையால் திறக்கலாமா?

வழக்கமான 110-இல் அலகை நகத்தால் இழுக்க ஒரு காடி மட்டும்தான் இருக்கிறது, இரண்டு கை வேண்டும். பழகியவர்கள் அலகைக் கிள்ளிப் பிடித்துக் கைப்பிடியை உதறித் திறப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், கொக்கிக்கும் காடிக்கும் அது நல்லதில்லை. பொத்தானை அழுத்தினால் திறக்கும் வகையும் நிறுவனத்திடம் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டு கையும் வேண்டியிருப்பது நல்லதே. திறக்குமுன் ஒரு கணம் நிற்க வைக்கிறது.

எஃகு எப்படி? கூர் நிற்குமா?

முதலில் 440சி எஃகில் வந்தது. 1990-களிலிருந்து 420எச்சி. இந்த எஃகின் பெயரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, இதைவிட நெடுநாள் கூர் நிற்கும் எஃகுகள் இன்று எத்தனையோ. ஆனால் கூர் நிற்பதை எஃகு மட்டும் முடிவு செய்வதில்லை, பதம் போட்டவரின் கையும் முடிவு செய்கிறது. நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்குப் பதம் பார்ப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். பால் பாஸ் என்ற பதப்படுத்தல் வல்லுநரின் முறையில் இந்த எஃகுக்குச் சூடும் குளிர்ச்சியும் கொடுக்கிறார்கள். அதனால் எளிய எஃகு தன் தகுதிக்கு மீறி உழைக்கிறது. துருவும் எளிதில் ஏறாது.

அலகின் பக்கங்கள் உட்குழிவாகச் சாணை பிடித்தவை, ஆகவே கூர்ப்பக்கம் மெல்லியது. தக்காளியும் தோலும் வழுக்கிக்கொண்டு அறுபடும். கட்டையைப் பிளக்கப் போனால் கூர் நெளியும். பக்கத்துக்கு 15 பாகை அளவில் வைத்து, சாதாரண எண்ணெய்க் கல்லில் பத்து நிமிடம் தேய்த்தால் போதும்.

கைப்பிடி என்ன மரம்? பித்தளை கறுக்கிறதே?

பல ஆண்டுகள் இந்தோனேசியாவின் மக்காசர் கருங்காலி. இடையில் சாயமேற்றிய மெல்லிய மரத்தாள்களைப் பிசினில் அழுத்திச் செய்ததும் வந்தது. கருங்காலி நமக்குப் பழக்கமான மரம். உலக்கைக்கும் கைத்தடிக்கும் பயன்பட்ட நம் கருங்காலிக்கும் இது ஒரே குடும்பம், மக்காசரில் பழுப்பு வரிகள் ஓடும். வாரம் ஒருமுறை கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே மரம் மினுங்கிக்கொண்டிருக்கும்.

பித்தளையை எங்கள் வீட்டில் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். குத்துவிளக்கு போலப் பளபளத்தது, ஆனால் புளித்தண்ணீர் அச்சாணிக்குள் இறங்கிவிட்டது. அதைச் சுத்தமாக எடுக்க ஒரு மாலை ஆயிற்று. தேய்ப்பதாக இருந்தால் துணியில் தொட்டு, பித்தளையில் மட்டும் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். நான் இப்போது தேய்ப்பதே இல்லை. கறுத்த பித்தளைதான் இந்தக் கத்திக்கு அழகு என்பது என் கட்சி.

பூட்டை எப்படிச் சுத்தம் செய்வது?

கழற்ற முடியாத கத்தி. ஆகவே திறந்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, பட்டையை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுக் காடிக்குள் இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள். பல்குத்தும் குச்சி நன்றாக உதவும். நீரில் ஊறவைக்காதீர்கள், மரம் இருக்கிறது. நன்றாக உலர்ந்தபின் அச்சாணியில் ஒரு துளி, கொக்கியில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காகி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழம் நறுக்கும் கத்தி என்றால் மணமில்லாத மினரல் எண்ணெய்.

பழைய 110 ஒன்று கிடைத்தது. எந்த ஆண்டு என்று எப்படித் தெரியும்? நகலாக இருக்குமா?

அலகின் அடியில் பெயர், எண், நாடு மூன்றும் பொறித்திருக்கும். 1986-இலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு குறி உண்டு, அதை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். நிறுவனம் 2005-இல் சான் டியாகோவிலிருந்து ஐடஹோ மாநிலத்தின் போஸ்ட் பால்ஸுக்குக் குடிபெயர்ந்தது. சேகரிப்பவர்கள் அதற்கு முந்தைய கத்திகளைத் தேடி வாங்குவார்கள். இந்த வடிவத்தின் நகல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. நகலைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பூட்டுத்தான்: பட்டைக்கும் பித்தளைக்கும் இடையில் வெளிச்சம் தெரியும், விழும் சத்தம் தகரம் போல இருக்கும்.

எடுத்துக்கொண்டு நடமாடலாமா?

நாட்டுக்கு நாடு வேறு, இதில் பூட்டே வழக்கை மாற்றிவிடும். பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அந்தச் சலுகை போய்விடும், தக்க காரணம் காட்ட வேண்டும். லண்டனில் இருப்பவர்கள் 110-ஐ வீட்டிலும் முகாமிலும் வைத்துக்கொள்வது நல்லது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளுக்கு 2008 முதல் கட்டுப்பாடு. இந்தியாவில் ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன, வீட்டுக்கும் வேளாண்மைக்குமான கருவிகளை விலக்கி வைக்கின்றன. அதற்காகத் திருவிழாக் கூட்டத்திலும் ரயிலிலும் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் மட்டும்.

முதல்முறை வாங்குபவருக்கு ஒன்றே ஒன்று சொல்வதானால்?

மூடப் பழகுங்கள். எனக்குத் தெரிந்தவரை விரலை வெட்டிக்கொண்ட புதியவர்களில் பலர் திறக்கும்போது வெட்டிக்கொள்ளவில்லை, மூடும்போதுதான் வெட்டிக்கொண்டார்கள். கைப்பிடியின் இரு பக்கத்தையும் விரல்களால் பிடியுங்கள், விரல் நுனி எதுவும் பிளவுக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. கட்டைவிரலால் பட்டையை அழுத்துங்கள். மற்றக் கையால் அலகின் முதுகைப் பிடித்துப் பாதிவரை மடக்குங்கள். அங்கே நிறுத்தி, பட்டையிலிருந்து கட்டைவிரலை எடுங்கள், விரல்களை இன்னொருமுறை பாருங்கள். பிறகு உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மூடுங்கள். கடைசி வளைவில் ஸ்பிரிங் அலகைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த வேகத்துக்குக் கை பழக வேண்டும். முதல் வாரம் உட்கார்ந்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில், நாளுக்கு இருபது முறை.